பக்கத்தில் ஆளில்லாத போட்டி

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 41, நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்யும் வேலை, சீனி கூடுகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு பாவித்த ரேசிங் சைக்கிள் ஒன்றை வாங்கி எட்டு மாதமாக ஓடுகிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக ஓடும் பொடியன்களோடு போனால் பாதி வழியிலேயே அவரை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்களாம். யாரோ ஒருவர், “உங்களுக்கு டைம் ட்ரையல்தான் சரி” என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு இவர் கேட்பது மூன்று: பக்கத்தில் ஆளே இல்லாமல் மணிக்கூட்டோடு தனியே ஓடுவதில் அப்படி என்ன இருக்கிறது, அதற்கு லட்சக்கணக்கில் சைக்கிள் வேண்டுமா, நம்ம ரோட்டில் எங்கே ஓடுவது?

தம்பி, நான் மட்டக்களப்புக்குத் தெற்கே ஆரையம்பதிக்காரன். இந்தக் கரையோர ரோட்டில் இருபது வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே தூரம், ஒரே ரோடு, ஆனால் சேர்ந்து புறப்படுவதில்லை. ஒருவருக்குப் பின் ஒருவராக, ஒரு நிமிட இடைவெளியில் விடுவார்கள். ஒருவர் சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நீங்கள் இரண்டு காலையும் பெடலில் வைத்துக்கொண்டு காத்திருப்பீர்கள், ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிக் கையை எடுப்பார். பாதித் தூரம் போய்க் கிறுகி வர வேண்டும். வழியில் முன்னால் போனவரைப் பிடித்துவிட்டால் அவருக்குப் பின்னால் ஒதுங்கி ஓடக்கூடாது, விலகிக் கடந்து போய்விட வேண்டும். கூட்டமாக ஓடும்போது முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் நாலில் ஒரு பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம், கூட்ட ஓட்டத்தின் தந்திரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. இங்கே அந்த நிழல் கிடையாது. பிரெஞ்சுக்காரர் இதை ‘மணிக்கூட்டுக்கு எதிரான ஓட்டம்’ என்பார்கள், ‘உண்மையின் ஓட்டம்’ என்றும் ஒரு பெயர் உண்டு.

சரி, அதில் என்ன இருக்கிறது? எனக்குப் பிடித்தது இதுதான்: உங்களுடைய நேரம் வேறு எவருடைய கையிலும் இல்லை. நீங்கள் 34 நிமிடத்தில் முடித்தால் அந்த 34 நிமிடம் உங்களுடையது, 25 நிமிடத்தில் முடித்தவர் அதில் ஒரு வினாடியைக்கூட உங்களிடமிருந்து எடுக்கவில்லை. கூட்ட ஓட்டத்தில் ஒருவர் உங்களைக் கழற்றிவிட்டால்தான் அவருக்கு வெற்றி. இங்கே ஒருவரும் ஒருவரையும் கழற்றிவிடத் தேவையில்லாதபடியால், முடிந்து வந்து தேத்தண்ணிக் கடையில் உட்காரும்போது முதலாவது ஆளும் கடைசி ஆளும் ஒரே விதமாகத்தான் கதைப்பார்கள். “எங்கே விட்டீங்க?” என்று கேட்பார்கள். எந்த இடத்தில் வேகம் உங்கள் கையை விட்டுப் போனது என்று அர்த்தம். வேகமாக ஓடுகிறவருக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது, அந்த இடத்தில் இரண்டு பேருக்கும் நெஞ்சு ஒரே மாதிரித்தான் எரிந்தது. பொடியன்கள் உங்களை விட்டுவிட்டுப் போன கவலை இங்கே வர வழியே இல்லை, ஏனென்றால் இங்கே எல்லோரும் தொடக்கத்திலிருந்தே தனியேதான் போகிறார்கள்.

இந்த விளையாட்டு எப்படி வந்தது என்று தெரிந்தால் அது நமக்கு ஏன் இவ்வளவு பொருத்தம் என்பதும் புரியும். 1890களில் இங்கிலாந்தில் ரோட்டு முழுக்கக் குதிரை வண்டி. சைக்கிள்காரர் கூட்டமாகப் பந்தயம் ஓடினால் குதிரை மிரளும், வண்டிக்காரர் பொலிஸுக்குப் போவார். அப்படிக் குழப்பம் கூடக்கூட, சைக்கிள் ஓட்டத்தின் தலைமைச் சங்கமே, பொலிஸ் எல்லாச் சைக்கிளையும் ரோட்டிலிருந்து தடுத்துவிடுமோ என்று பயந்து, ரோட்டுப் பந்தயத்துக்குத் தடை போட்டது. எஃப். டி. பிட்லேக் என்பவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பினால் பார்க்கிறவருக்கு அது பந்தயமாகவே தெரியாது, ஒரு மனிதர் சைக்கிளில் போகிறார், அவ்வளவுதான். 1895 ஒக்டோபர் 5 ஆம் திகதி 50 மைல் தூரத்துக்கு அப்படி முதல் ஓட்டம் நடந்தது. அதற்குப் பிறகு பல பத்து வருடங்களாக அதை ஏறக்குறைய ஒளித்துத்தான் நடத்தினார்கள். விடியற்காலையில் ஓடுவார்கள், கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை போடுவார்கள், எந்த ரோட்டில் ஓட்டம் என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். பாதைக்கு ஊர்ப் பெயருக்குப் பதில் ஓர் எழுத்தும் சில இலக்கமும் சேர்ந்த குறியீடுதான். தடையெல்லாம் போய் எத்தனையோ காலமாகியும் அந்தக் குறியீட்டு வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது.

இப்போது நம்ம ரோட்டை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை ஊர்களைக் கோத்துக்கொண்டு போவது ஒரே ரோடுதான். மீன் லொறி, பஸ், ஓட்டோ, டியூசனுக்குப் போகும் பிள்ளைகள், குறுக்கே படுத்திருக்கும் மாடு, அறுவடைக் காலத்தில் ஓரத்தில் காயும் நெல். அந்த ரோட்டை நமக்காக யார் மூடித் தரப்போகிறார்கள்? சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் வருடத்தில் ஒரு நாள் சைக்கிள் ஓட்டம் வைப்பார்கள், அன்றைக்குச் சந்திக்குச் சந்தி ஆள் நின்று மறிப்பார்கள், மற்ற 364 நாளும் ரோடு எல்லோருடையதும்தான். மூடாத ரோட்டில், ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல், வெள்ளன எழும்பி ஓடுவதற்கென்றே பிறந்த போட்டி இது. அந்தப் பழைய ஆட்களுக்கு இருந்த நெருக்கடிதான் நமக்கும் இருக்கிறது, அவர்கள் கண்டுபிடித்த வழி நமக்கும் செல்லும்.

இதில் பெரிய ஆள் யார் என்று கேட்டால் நான் எப்போதும் பெரில் பேர்ட்டனைத்தான் சொல்வேன். சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர், கடும் உடற்பயிற்சி கூடாது என்று டாக்டர்கள் சொன்னவர். இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் ஒரு தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து மண்வேலை செய்தார். ஏழு முறை உலகச் சாம்பியன், ஆனால் கடைசிவரை சம்பளத்துக்கு ஓடவில்லை, அமெச்சூர்தான். பல தூர ஓட்டங்களின் சராசரி வேகத்தை வைத்து வருடத்துக்கு ஒருவரைத் தெரிவு செய்யும் பெண்கள் பட்டத்தை 1959 முதல் 1983 வரை தொடர்ந்து 25 வருடம் வென்றார். 1967 இல் 12 மணித்தியால ஓட்டம் ஒன்று. ஆண்களை முதலில் அனுப்பி முடித்துப் பெண்களைப் பின்னால் விட்டார்கள். பேர்ட்டன் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டே போனார், கடைசியில் முன்னால் மிஞ்சியவர் மைக் மக்நமாரா மட்டும். அவர் அன்றைக்கு ஆண்களின் தேசிய சாதனையை முறிக்கும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தவர். அவரையும் பிடித்து, பக்கத்தில் போகும்போது பொக்கெட்டிலிருந்து ஓர் அதிமதுர இனிப்பை எடுத்து நீட்டினார் பேர்ட்டன், அவரும் வாங்கிக்கொண்டார். முடிவில் பேர்ட்டன் ஓடிய தூரம் 277.25 மைல், நம்ம கணக்கில் 446 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய், நிற்காமல் மேலும் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடியதற்குச் சமம், பன்னிரண்டு மணித்தியாலத்தில். ஆண்களின் சாதனையே அதைவிடக் குறைவாக இருந்தது, இரண்டு வருடம் கழித்துத்தான் ஓர் ஆண் அதைத் தாண்டினார். பெண்களில் அதைத் தாண்ட 2017 வரை ஐம்பது வருடம் ஆனது.

அந்த இனிப்பு விஷயத்தை நான் நெடுக நினைப்பதுண்டு. ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய நாளில் அவரைக் கடந்து போகிறீர்கள், அப்போது கையில் கொடுக்க ஓர் இனிப்பு இருக்கிறது. வேறு எந்தப் போட்டியில் இது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் குழுவில் ஒரு டீச்சர் இருக்கிறார், மூன்று பிள்ளைகளின் தாய், முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு ஓடுவார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்ன அடுத்த கிழமை, கடந்து போகும்போது என் கையில் ஒரு புளி டொபியைத் திணித்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவருக்கு 29 நிமிடம் 50 வினாடி, முப்பதுக்குள் முதல் தடவை.

அந்த முப்பது என்ன கணக்கு என்று சொல்கிறேன். இங்கிலாந்தில் வழமையான தூரங்கள் 10, 25, 50, 100 மைல், அப்புறம் 12 மணித்தியாலமும் 24 மணித்தியாலமும். எங்களுக்குப் பத்து மைல்தான் அளவு, 16.1 கிலோமீற்றர், எட்டுக்குக் கொஞ்சம் மேல் போய்க் கிறுகி வருவோம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகம் என்றால் 32 நிமிடம் 12 வினாடி. 40 கிலோமீற்றர் என்றால் 24 நிமிடம் சொச்சம். சாதாரண லுமாலா சைக்கிளில் நிமிர்ந்து இருந்து மணிக்கு 25 ஓடினால் 39 நிமிடத்துக்குக் கிட்ட வரும், அதுவும் நல்ல ஓட்டம்தான், எங்கள் கொப்பியில் அப்படி நேரங்கள் நிறைய இருக்கின்றன. 1978 இல் அல்ஃப் எங்கர்ஸ் என்பவர் 25 மைலை, அதாவது 40 கிலோமீற்றரை, 49 நிமிடம் 24 வினாடியில் ஓடினார், ஐம்பது நிமிடத்துக்குள் ஓடிய முதல் ஆள். அவர் பாண் போடும் தொழில் பார்த்தவர். தோட்டத்துப் பெண்ணும் பேக்கரிக்காரரும்தான் இந்த விளையாட்டின் ராணியும் ராஜாவும் என்றால், அலுவலகக் கதிரையிலிருந்து எழும்பி வரும் உங்களுக்கும் அதில் இடம் இருக்கிறது.

இனி காற்று. நம்ம பக்கத்தில் மலை இல்லை, மேடு என்று சொல்லக் கல்லடிப் பாலத்தின் ஏற்றம்தான். மலை இல்லாத ஊர்க்காரனுக்குக் காற்றுதான் மலை. கடலுக்குப் போகிறவர்கள் நாலு காற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோளகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். டைம் ட்ரையல் ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்த நாலு பெயரும் எனக்கு உடம்பால் தெரிய வந்தது. மார்கழி, தை மாதங்களில் மட்டக்களப்பை நோக்கித் திரும்பி வரும்போது வாடை நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். வைகாசிக்குப் பிறகு கச்சான் தொடங்கினால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல் முழுவதையும் தாண்டி வாவி மேலாகச் சூடாக வந்து பக்கவாட்டில் அடிக்கும், வீடும் மதிலும் இருக்கும் இடத்தில் ஒன்றும் தெரியாது, மதில் முடிந்ததும் சைக்கிளை ஒரு முழம் தள்ளிவிடும். ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு பக்கம் தண்ணீர் வெளிக்கும் இடங்களில் இரண்டு கையாலும் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். விடிய ஆறு மணிக்கு வாவி கண்ணாடி மாதிரிக் கிடக்கும். வெயில் ஏறி ஒன்பது, பத்து மணி ஆனால் கடற்காற்று எழும்பிவிடும். வெள்ளன ஓடுவதற்கு வாகனம் குறைவு என்பது பாதிக் காரணம்தான், மற்றப் பாதி இது.

எதிர்க்காற்றில் இழந்ததைப் பின்காற்றில் திரும்ப எடுக்கலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். முடியாது. 10 கிலோமீற்றர் போக எதிர்க்காற்று, மணிக்கு 30 வேகம், 20 நிமிடம் எடுக்கும். திரும்பி வரப் பின்காற்று, மணிக்கு 40, 15 நிமிடம். மொத்தம் 35 நிமிடம், சராசரி 35 என்று தோன்றும், ஆனால் 20 கிலோமீற்றரை 35 நிமிடத்தில் ஓடினால் வேகம் 34.3 தான். மெதுவாக ஓடும் பக்கத்தில் நீங்கள் இருக்கும் நேரம் கூட. ஆகவே பலத்தை எங்கே கொஞ்சம் கூடச் செலவழிக்க வேண்டும் என்றால் எதிர்க்காற்றில், பின்காற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். முதல் தடவை இது விளங்காமல் நான் நேர் எதிராகச் செய்தேன். காற்று பின்னால் அடித்த பாதியில் வேகத்தைக் கண்டு சந்தோஷத்தில் முழுப் பலத்தையும் கொட்டினேன், கிறுகிய உடனே சுவரில் முட்டியது போல இருந்தது. திரும்பி வந்த எட்டுக் கிலோமீற்றரும் என் வாழ்க்கையிலேயே நீளமானவை.

இன்னொன்று, வேகம் கூடக்கூடக் காற்று தரும் தடை நேர்கோட்டில் கூடுவதில்லை. பத்து வீதம் வேகத்தைக் கூட்ட, காற்றை வெல்ல மட்டும் மூன்றில் ஒரு பங்கு பலம் கூட வேண்டும். 30 இலிருந்து 36 க்குப் போக ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. அந்தத் தடையில் பெரும் பங்கு சைக்கிளால் வருவதில்லை, உங்கள் உடம்பால் வருகிறது, உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் அதில் இருக்கிறது. சமதரையில் மணிக்கு 36 வேகத்தில், நெஞ்சை நிமிர்த்தி இருந்தால் ஏறத்தாழ 250 வாட் தேவைப்படும் ஒருவருக்கு, முழங்கையை மடித்து முதுகைத் தாழ்த்தி இருந்தால் 200 வாட் போதும். ஐம்பது வாட்டைப் பயிற்சியால் கூட்ட ஒரு வருடம் பிடிக்கும், குனிவதற்குக் காசு இல்லை. ஆனால் குனிந்தபடி அரை மணித்தியாலம் இருக்க இடுப்பும் கழுத்தும் பழக வேண்டும், அதுதான் பயிற்சி.

1989 டூர் டி பிரான்ஸ் கதை இதற்காகவே சொல்லப்படுவது. மூன்று கிழமை, மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய பிறகு, கடைசி நாள் வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீற்றர் டைம் ட்ரையல். அமெரிக்கரான கிரெக் லெமொண்ட், முன்னணியில் இருந்த பிரெஞ்சுக்காரர் லோரன் ஃபின்யோனுக்கு 50 வினாடி பின்னால் இருந்தார். கைகளை முன்னால் நீட்டி முழங்கையைத் தாங்கி வைக்கும் புதுவிதமான ஹேண்டிலை மாட்டிக்கொண்டு ஓடினார். ஃபின்யோன் பழைய விதமான ஹேண்டிலோடு, தலைக்கவசம் இல்லாமல், குடுமி பறக்க ஓடினார். முடிவில் லெமொண்ட் 8 வினாடியால் வென்றார். நாலு வருடம் கழித்து ஸ்கொட்லாந்தின் கிரேம் ஓப்ரி தானே கட்டிய சைக்கிளில், உடுப்புக் கழுவும் மெஷினின் பெயாரிங்கைப் போட்டு, ஒரு மணித்தியாலத்தில் 51.596 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை வைத்தார். ஆறே நாளில் அதை உடைத்த கிறிஸ் போர்ட்மனும் இங்கிலாந்தின் உள்ளூர் டைம் ட்ரையல்களில் வளர்ந்தவர்தான்.

ஆகவே இருக்கிற சைக்கிளையே ஓடுங்கள். செயினைக் கழுவி எண்ணெய் விடுங்கள், டயருக்குச் சரியாகக் காற்றடியுங்கள், கரியர், கூடை என்று கழற்றக்கூடியதைக் கழற்றலாம், மணியை மட்டும் கழற்ற வேண்டாம், நம்ம ரோட்டுக்கு அது வேண்டும். படபடக்கும் சேட்டை விட்டு உடம்போடு ஒட்டிய பெனியன் போடுங்கள், அது ஒன்றே கணிசமான வித்தியாசம் தரும். ஒரு வருடம் ஓடிய பிறகும் ஆசை இருந்தால் முழங்கை வைக்கும் கம்பியைத் தனியே வாங்கிப் பூட்டலாம். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சாமான் விலை எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும், கடன்பட்டு கார்பன் சைக்கிள் வாங்க வேண்டாம். தலைக்கவசத்தில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

எங்கே ஓடுவது? கல்முனைக்குள்ளும் சாய்ந்தமருதிலும் ஓடாதீர்கள், எத்தனை மணியானாலும் அங்கே ஆள் நடமாட்டம்தான். உங்களுக்குப் பக்கத்தில் நல்லது காரைதீவிலிருந்து சம்மாந்துறை தாண்டி அம்பாறைக்குப் போகும் ரோடு, வயல்வெளியில் நேராகக் கிடக்கும். நிந்தவூர் தாண்டி அட்டாளைச்சேனைப் பக்கமும் சில வெளியான துண்டுகள் இருக்கின்றன. திருக்கோவிலுக்குத் தெற்கே கோமாரிப் பக்கம் ஆளே இல்லாத அழகான ரோடு, ஆனால் யானை நடமாட்டம் உள்ள இடம், நன்றாக வெளிச்சம் வராமல் அந்தப் பக்கம் போகக் கூடாது, தனியாகப் போகவே கூடாது. படுவான்கரைக்கும் அதே சொல்தான். வடக்கே காயான்கேணி, பனிச்சங்கேணி, வாகரை ரோடு எங்கள் குழுவுக்கு வருடத்தில் ஒரு நாள் திருவிழா மாதிரி. எந்த இடமானாலும் கிறுகும் இடத்தைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள், இரண்டு பக்கமும் தூரத்துக்குத் தெரிய வேண்டும், வேகத்தைக் குறைத்து, பின்னால் பார்த்து, தேவையென்றால் காலை ஊன்றி நின்றுகூடக் கிறுகலாம், அதில் போகும் ஐந்து வினாடி ஒன்றுமில்லை. பின்பக்கம் மினுங்கும் லைட் பகலிலும் எரியட்டும். குனிந்து ஓடும்போது தலை தானாகத் தொங்கும், கண் ரோட்டை விட்டு முன்சில்லுக்கு வந்துவிடும், இந்த விளையாட்டில் மிகப் பெரிய ஆபத்து அதுதான். நாயும் மாடும் உங்கள் நேரத்தை மதிப்பதில்லை. நாலைந்து பேருக்கு மேல் சேர்ந்து ஒழுங்காக நடத்துவதென்றால் பொலிஸிடம் சொல்லி அனுமதி எடுத்துச் செய்யுங்கள்.

ஓடும்போது எப்படி இருக்கும் என்று கேட்டால், முதல் மூன்று நிமிடம் பொய் சொல்லும். உடம்பு புதிது, கால் இலேசாக இருக்கும், இன்னும் வேகமாகப் போகலாம் என்று தோன்றும். அந்த நேரம் அடக்கி ஓடினவருக்குத்தான் கடைசியில் ஏதாவது மிஞ்சும். மறுகா மூச்சு ஓர் ஒழுங்குக்கு வரும், ஒரு வார்த்தை சொல்லலாம், ஒரு வசனம் சொல்ல முடியாது, அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எப்போதும் கஷ்டம் கிறுகிய பிறகு வரும் நாலு கிலோமீற்றர். தொடக்கத்தின் உற்சாகமும் இல்லை, முடிவும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஏன் வந்தேன் என்று மனம் கேட்கும், சீட்டில் கொஞ்சம் நிமிர்ந்தால் என்ன என்று முதுகு கேட்கும். அந்த இடத்தில் ஒருவரும் உங்களைப் பார்க்கவில்லை. அங்கே நிமிராமல் இருப்பதும் நிமிர்வதும் உங்களுக்கு மட்டுந்தான் தெரியும், முடிவில் மணிக்கூட்டுக்கும் தெரிந்துவிடும். வீட்டில், வேலையில், ஊரில் என்று எல்லா இடத்திலும் ஒரு விஷயம் பல பேர் கைபட்டுத்தான் நல்லதாகவோ கெட்டதாகவோ முடிகிறது. இந்த அரை மணித்தியாலம் மட்டும் முழுக்க என்னுடையது என்ற நினைப்பு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

எங்கள் குழு பெரிய குழு இல்லை. 2022 இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது வேலைக்குச் சைக்கிளில் போகத் தொடங்கிய நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள், பெற்றோல் வந்த பிறகும் விடவில்லை. நேரம் எடுப்பவர் காத்தான்குடியில் ஒரு காக்கா, அதாவது முஸ்லிம் அண்ணன் ஒருவர், முன்னர் எங்களோடு ஓடியவர், முழங்கால் வருத்தத்துக்குப் பிறகு மணிக்கூட்டைக் கையில் எடுத்தார். நோன்பு மாதத்தில்கூட வந்து நிற்பார், எங்களை அனுப்பி, எல்லோரும் திரும்பி வந்த பிறகுதான் வீட்டுக்குப் போவார், நாங்கள் அந்த மாதம் அவருக்கு முன்னால் தேத்தண்ணி குடிப்பதில்லை. மற்ற மாதங்களில் பிட்டும் சம்பலும் பால் தேத்தண்ணியும் வரும், கொப்பி மேசையில் விரிந்து கிடக்கும், ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே விரலை வைத்துப் போன மாதத்து நேரத்தைத் தேடுவார். இங்கிலாந்திலும் இப்படித்தான், ஊர் மண்டபத்தில் தேத்தண்ணியும் கேக்கும் வைத்து நேரப் பலகையைச் சுற்றி நிற்பார்கள், அந்த வழக்கம் இல்லாமல் அங்கே டைம் ட்ரையலே இல்லை. தனியே ஓடும் விளையாட்டு என்கிறார்கள், ஆனால் சீட்டைப் பிடிக்க ஒருவர், நேரம் எழுத ஒருவர், கிறுகும் இடத்தில் கொடியோடு ஒருவர் என்று மூன்று பேர் தங்கள் நித்திரையை விட்டு வராமல் ஒருவர்கூடத் தனியே ஓட முடியாது. ஆகவே மாதம் ஒரு தடவையாவது ஓடாமல் கொடி பிடிப்பது எங்கள் ஒழுங்கு, அதிவேகக்காரருக்கும் அதே ஒழுங்குதான்.

வயதைப் பற்றி யோசிக்கிறீர்கள் போல இருந்தது. இங்கிலாந்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று தனி அளவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு தூரத்துக்கும் ஓர் எதிர்பார்ப்பு நேரம், அதை நீங்கள் எத்தனை நிமிடத்தால் முந்தினீர்கள் என்பதே முடிவு. எழுபது வயதுக்காரர் நாற்பது வயதுக்காரரை அப்படி வெல்லலாம். நீங்கள் அந்த வாசலில் இப்போதுதான் காலை வைத்திருக்கிறீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் சீனியைப் பற்றி டாக்டரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள், முழுப் பலத்தில் ஓடலாமா, ஓடுவதற்கு முன் என்ன சாப்பிடுவது என்று. அப்புறம் ஒரு ஞாயிறு, அம்பாறை ரோட்டில் எட்டுக் கிலோமீற்றரை அளந்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கால் மணித்தியாலம் ஆறுதலாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள், மகனையோ மச்சானையோ சீட்டைப் பிடிக்கச் சொல்லி ஐந்திலிருந்து எண்ணச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் நேரத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள், அதற்குப் பக்கத்தில் அன்றைக்கு அடித்த காற்றின் பெயரையும் எழுதுங்கள். கச்சானில் எடுத்த 36 நிமிடமும் காற்றில்லாத விடியலில் எடுத்த 34 நிமிடமும் ஒன்றாக இருக்கலாம், பெயர் எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து அது உங்களுக்கே தெரியாமல் போகும். ஆரையம்பதிப் பக்கம் வந்தால் எங்கள் கொப்பியிலும் உங்களுக்கு ஒரு வரி விடுகிறோம்.